பெருந்தொற்றுக் காலத்தில் மாரடைப்புச் சேர்க்கை: சென்னையின் மேற்குப் புறநகர்

கோவிட்-19 பெருந்தொற்றின் தொடக்க மாதங்களில், மாரடைப்புடன் மருத்துவமனையில் சேர்ந்தவர்களின் எண்ணிக்கை இந்தியா முழுவதும் சட்டெனக் குறைந்தது. இந்திய இதயவியல் கழகம் 187 மருத்துவமனைகளில் திரட்டிய கணக்கின்படி, 2019 மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை ஏறத்தாழ 25,400 பேர் சேர்ந்திருந்தனர். 2020-இல் அதே மூன்று மாதங்களில் சேர்ந்தவர்கள் ஏறத்தாழ 16,400 பேர். இது 35 விழுக்காடு குறைவு. ஊரடங்கு அறிவித்தால் ஒதுங்கிக்கொள்ளும் நோயன்று மாரடைப்பு. எனில் அந்த ஒன்பதாயிரம் பேர் எங்கே?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய ஊர்களிலிருந்து பார்த்தால் விடையின் ஒரு பகுதி எளிதில் புலப்படும். ஆவடியும் பூந்தமல்லியும் சென்னை சென்ட்ரலிலிருந்து சுமார் 20 கி.மீ. தொலைவில் உள்ளன, அரசு பொது மருத்துவமனை சென்ட்ரலுக்கு எதிரே இருக்கிறது. தொழிற்பேட்டைகளிலும் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலைகளிலும் வேலை செய்யும் இப்பகுதி மக்களுக்கு மின்தொடர் வண்டி, மாநகரப் பேருந்து, ஷேர் ஆட்டோ ஆகிய மூன்றுமே கால்கள். 2020 மார்ச் இறுதி வாரத்தில் மூன்றும் நின்றன. சென்னையில் ஆட்டோக்கள் ஜூன் மாதம்தான் மீண்டும் ஓடத் தொடங்கின, பேருந்துகள் செப்டம்பர் 1 அன்று. மின்தொடர் வண்டிகள் அவ்வாண்டின் இறுதிவரை பொதுமக்களுக்கு முழுமையாகத் திறக்கப்படவில்லை. 108 ஆம்புலன்ஸ் நிற்கவில்லை. ஆனால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டு ஆட்டோவில் ஏறிப் பழகியவர்களுக்கு, 108-ஐ அழைப்பது என்றால் தெருவே கொரோனா என்று பேசும் என்ற தயக்கம் இருந்தது.

அச்சம் வழியைவிடப் பெரிய தடை. கோயம்பேடு சந்தையில் தொற்று பரவியதும் மொத்தக் காய்கறி வணிகம் 2020 மே மாதம் பூந்தமல்லியை அடுத்த திருமழிசைக்கு மாற்றப்பட்டது. நோய் நகரிலிருந்து தம் வாசலுக்கே வந்துவிட்டதாகச் சுற்றுவட்டாரத்தினர் எண்ணியதில் வியப்பில்லை. நகருக்குள் ஓமந்தூரார் அரசு மருத்துவமனை கோவிட் நோயாளிகளுக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. மருத்துவமனை என்றாலே தொற்று என்ற எண்ணம் படிந்தது. ஜூன் 19 முதல் 30 வரை சென்னை பெருநகரக் காவல் எல்லையில் மீண்டும் முழு ஊரடங்கு வந்தது. ஆவடிக்குத் தனிக் காவல் ஆணையரகம் 2022-இல்தான் அமைந்தது. எனவே அன்று இம்மூன்று ஊர்களும் அந்த எல்லைக்குள்ளேயே இருந்தன.

வலி வந்தால் வாயுத் தொல்லை என்று சோடாவோ சீரகத் தண்ணீரோ குடித்துப் படுப்பது பழைய வழக்கம்தான். பெருந்தொற்று அவ்வழக்கத்துக்கு ஒரு காரணத்தையும் கொடுத்தது. இதயத் தமனியில் இரத்தம் உறைந்து அடைத்தபின் ஒவ்வொரு மணி நேரமும் இதயத்தசை செத்துக்கொண்டே போகும். உறைவைக் கரைக்கும் ஊசி முதல் சில மணி நேரத்தில்தான் நன்கு பயன் தரும்; அடுத்த நாள் வருபவருக்கு இழந்த தசையை எவராலும் மீட்டுத்தர இயலாது.

இந்த இழப்பு இப்பகுதியில் கூடுதலாக உறுத்துவதற்குக் காரணம் உண்டு. நேரத்தை மிச்சப்படுத்தும் முறை ஒன்று இங்கேயே உருவாகியிருந்தது. அம்பத்தூரை அடுத்த முகப்பேரில் உள்ள மெட்ராஸ் மெடிக்கல் மிஷனின் அஜித் முல்லசாரி, கோயம்புத்தூரின் தாமஸ் அலெக்சாண்டர் முதலியோர் 2012 முதல் 2014 வரை 'தமிழ்நாடு ஸ்டெமி' திட்டத்தை நடத்தினர். சிறு மருத்துவமனைகளையும் ஆம்புலன்சுகளையும் பெரிய இதய மையங்களோடு இணைத்து, இ.சி.ஜி. படத்தை முன்கூட்டியே அனுப்பும் ஏற்பாடு அது. 2,420 நோயாளிகளிடம் செய்த ஆய்வில், ஓராண்டுக்குள் இறப்போர் விகிதம் 17.6 விழுக்காட்டிலிருந்து 14.2 ஆகக் குறைந்தது. ஆனால் அச்சங்கிலியின் முதல் கண்ணி நோயாளி வீட்டைவிட்டுக் கிளம்புவது. 2020-இல் அறுந்தது அதுதான்.

பிற நாடுகளிலும் இதுவே நடந்தது. இத்தாலியில் 2020 மார்ச் மாதத்தின் ஒரு வாரத்தில் மாரடைப்புச் சேர்க்கை ஏறத்தாழப் பாதியாகியது. ஹாங்காங்கில் வலி தொடங்கி மருத்துவரைக் காணும் வரையான இடைநிலை நேரம் சுமார் 80 நிமிடத்திலிருந்து 318 நிமிடமாக நீண்டது. அது ஏழு நோயாளிகளின் கணக்கே என்றாலும் திசை தெளிவு. புகை குறைந்தது, வேலைச்சுமை குறைந்தது, ஆகவே மாரடைப்பே குறைந்திருக்கலாம் என்று சிலர் வாதிட்டனர். ஓரளவு உண்மை இருக்கலாம். ஆயினும் லொம்பார்டியில் அதே காலத்தில் மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றுபோன நிகழ்வுகள் 58 விழுக்காடு கூடின. அவற்றுள் பெரும்பகுதி கோவிட் நோயாளிகளுடையது என்றபோதும், அந்த வாதம் அங்கே வலுவிழக்கிறது. 2003-இல் சார்ஸ் பரவியபோதே தைவானில் உள்நோயாளிச் சேவை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சரிந்திருந்தது. அந்தப் பாடத்தை உலகம் மறந்திருந்தது.

தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தொடங்கி, இரத்த அழுத்த, நீரிழிவு மருந்துகளை வீட்டுக்கே அனுப்பியது. 2023 ஜூனில் 'இதயம் காப்போம்' திட்டம் வந்தது. அதன்படி, நெஞ்சு வலியுடன் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ துணை சுகாதார நிலையத்துக்கோ வருபவருக்கு ஆஸ்பிரின் 2, குளோபிடோகிரல் 4, அட்டோர்வாஸ்டாட்டின் 8 என 14 மாத்திரைகள் அங்கேயே கொடுக்கப்படுகின்றன; அதன்பிறகே அவர் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பப்படுகிறார்.