கிரகணம் காட்டிய திணிவு

1934 டிசெம்பர் 13 அதிகாலை. இங்கிலாந்தின் ஸ்டோமார்க்கெட்டில் எரிகற்களைக் கவனித்துக்கொண்டிருந்த பிரெண்டிஸ் என்பவர், ஹேர்குலிஸ் விண்மீன் கூட்டத்தில் அதுவரை இல்லாத ஒளியொன்றைக் கண்டார். அவர் தொழில்முறை வானியலாளர் அல்லர், சட்டத்தரணி. அந்த நோவா சில மாதங்கள் ஒளிர்ந்து மங்கியது. அது ஏன் வெடித்தது என்பதை அன்று எவரும் அறிந்திருக்கவில்லை.

இருபது ஆண்டுகள் கழிந்து, 1954இல், மேர்ல் வோக்கர் அதே மங்கலான புள்ளியை ஒளிமின் கருவி கொண்டு அளந்தார். 4 மணித்தியாலம் 39 நிமிடத்துக்கு ஒருமுறை அதன் ஒளி தணிந்து மீண்டது. அங்கிருந்தவை இரண்டு விண்மீன்கள். ஒன்று மற்றொன்றை மறைத்தது! இத்தகைய வெடிப்பு விண்மீன்கள் பலவும் இரட்டைகளே என்பதை 1960களில் ரொபர்ட் கிராஃப்ட் நிறுவினார். பூமியளவேயான வெண்குள்ளன் தன் துணையின் வாயுவை உறிஞ்சுகிறது. அவ்வாயு தட்டாகச் சுழன்று அதன்மீது வீழ்கிறது. சேர்ந்த வாயுவே ஒருநாள் வெடிக்கிறது.

எந்தத் தொலைநோக்கியாலும் இவ்விரண்டையும் பிரித்துப் பார்த்தல் அரிது. ஆயினும் கடிகாரம் பிரித்துக் காட்டும். துணை விண்மீன் செக்கனுக்கு 500 கிலோமீற்றர் அளவில் குறுக்கே செல்ல, வெண்குள்ளன் முழுதாக மறைய ஏறத்தாழ 30 செக்கன் போதும். அந்த 30 செக்கன், இரண்டுக்கும் இடையிலான தூரத்தோடு ஒப்பிட்டு அதன் பருமனைத் தருகிறது. வாயு தட்டில் மோதும் ஒளிப்பொட்டு மறையும் வேளை, இரு திணிவுகளின் விகிதத்தைத் தருகிறது. எஞ்சியதைச் சந்திரசேகரின் கோட்பாடு நிரப்புகிறது: திணிவு கூடக்கூட வெண்குள்ளன் சுருங்கும், சூரியனைப்போல் 1.4 மடங்குக்குமேல் நிலைக்காது. எத்தனை மணிக்கு நடந்தது என்று முதலில் விசாரிக்கும் நிருபனுக்கு இந்த முறை பிடித்துப்போவதில் வியப்பில்லை.

ஆனால் ஹேர்குலிஸ் நோவாவில் இது எளிதன்று. அதன் வெண்குள்ளனைத் தட்டின் விளிம்பே மறைத்துவிடுகிறது. வேறு இரட்டைகளைத் தேடவேண்டியதாயிற்று. செக்கனுக்குப் பலமுறை படமெடுக்கும் கருவியும் தேவைப்பட்டது. 2002இல் லா பல்மா தீவின் வில்லியம் ஹேர்ஷல் தொலைநோக்கியில் பொருத்தப்பட்ட அல்ட்ராகாம் அத்தகையது. அதைக்கொண்டு ஆராய்ந்த ஸ்டூவர்ட் லிட்டில்ஃபெயர் குழுவினர், 82 நிமிடத்தில் சுற்றும் இரட்டையொன்றின் துணை, சூரியத் திணிவில் 0.052 பங்கே என்று 2006இல் அறிவித்தனர். ஐதரசனை எரிக்க அது போதாது. பறிகொடுத்துப் பறிகொடுத்து விண்மீன் என்ற தகுதியையே இழந்துவிட்டது. கோட்பாட்டாளர்கள் கால் நூற்றாண்டாகச் சொல்லிவந்த பொருள் அதுதான்.

இன்னொரு கணக்கு மட்டும் இடிக்கிறது. தனித்த வெண்குள்ளனின் சராசரித் திணிவு சூரியனில் 0.6 பங்கு, இந்த இரட்டைகளிலோ ஏறத்தாழ 0.8. உறிஞ்சியே பருத்தனவா, அன்றி இலேசானவை துணையோடு ஒன்றாகி அழிந்துபோயினவா என்பதில் வானியலாளரிடையே இன்னும் உடன்பாடு இல்லை.