யாழ் விட்ட இடத்தில் வயலின்

காஞ்சிபுரத்துக்குத் தெற்கே, உத்திரமேரூர் செல்லும் வழியில், செய்யாற்றங்கரையில் இருக்கிறது மாகறல். 7-ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் இத்தலத்தைப் பாடிய பதிகம் மூன்றாம் திருமுறையில் சாதாரிப் பண்ணில் அமைந்துள்ளது. சம்பந்தரின் பாடல்களுக்கு யாழ் வாசித்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர் என்கிறது பெரியபுராணம். குரல் ஒன்று, நரம்பு ஒன்று: தமிழகத்தின் பழைய இருவர் இசை இதுவே.

யாழில் ஒரு நரம்புக்கு ஒரு சுரம். சுரத்துக்குச் சுரம் வழுக்கிச் செல்லும் குரலை அது முழுதாகப் பின்தொடர இயலாது. தருமபுரத்தில் சம்பந்தர் பாடிய பதிகம் யாழில் அடங்காததால் யாழ்ப்பாணர் கருவியையே உடைக்க முற்பட்டார் என்றும், சம்பந்தர் தடுத்தார் என்றும் மரபு கூறும். அப்பதிகத்தின் பெயர் யாழ்மூரி. காலப்போக்கில் யாழ் வழக்கொழிந்தது.

ஐரோப்பாவிலும் இதே இருமை உண்டு. பியானோவில் ஒரு கட்டைக்கு ஒரு சுரம். செல்லோவிலோ விரல் சுரங்களுக்கிடையே வழுக்கும். நெடுங்காலம் கீழ்ச்சுரம் தாங்கும் துணையாகவே பெரும்பாலும் இருந்த செல்லோவைப் பியானோவுக்கு இணையாக்கியதில் பேத்தோவனுக்குப் பெரும் பங்குண்டு. 1796-இல் இவ்விரு கருவிகளுக்கும் இரண்டு சொனாட்டாக்கள் எழுதினார். 1808-இல் முடித்த மூன்றாவதில் செல்லோ தனியே தொடங்க, பியானோ மறுமொழி சொல்கிறது.

ஏறக்குறைய அக்காலத்தில்தான் வயலின் கர்நாடக இசைக்குள் வந்தது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் ஐரோப்பியக் கலைஞர் ஒருவரிடம் அதைக் கற்றார். தஞ்சை வடிவேலுவுக்கு 1834-இல் சுவாதித் திருநாள் மகாராஜா தந்த வயலின் தந்தத்தால் ஆனது. தமிழ்க் கலைஞர் தரையில் சம்மணமிட்டு, கருவியின் தலையை வலக் கணுக்காலில் ஊன்றினார். கருவியைத் தாங்கும் வேலை நீங்கவே, இடக்கை தந்திமேல் தடையின்றி வழுக்கியது, குரலின் கமகம் வயலினிலும் ஒலித்தது.

காஞ்சிபுரம் நாயனா பிள்ளையின் (1889–1934) கச்சேரிகளில் மிருதங்கம், கஞ்சிரா, கடம், கொன்னக்கோல் என லயம் நிறைந்திருக்கும். 'ஃபுல் பெஞ்ச்' என்று பெயர் பெற்ற அந்த மேடையிலும் பாடகரோடு ராகத்தைப் பகிர்ந்தது வயலின் ஒன்றே. ஆலாபனையில் அவர் நிறுத்திய இடத்திலிருந்து அது தொடரும்.

மாகறல் பதிகத்தின் சாதாரிப் பண் இன்று பந்துவராளி ராகமாகப் பாடப்படுகிறது. அந்த ராகத்தின் வளைவுகள் அனைத்தும் வயலினில் அடங்கும்.