ஒரே வேலை, இரண்டு பட்டியல்கள்

எனக்கு மாமி முறையான ஒருவர் 1960களின் பிற்பகுதியில் வடமராட்சியில் இருந்து தாதியர் பயிற்சிக்காக இங்கிலாந்து சென்றார். அங்கு வைத்தியசாலை ஒன்றில் முப்பது வருடங்களுக்கும் அதிகமாகப் பணியாற்றி ஓய்வுபெற்ற அவரைச் சில வருடங்களுக்கு முன்னர் இலண்டனில் சந்தித்தேன். குளிரைப் பற்றியோ இரவுக் கடமையைப் பற்றியோ அவர் பெரிதாகக் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. இடையில் கட்டியிருந்த அரைப்பட்டியின் நிறத்தைப் பற்றித்தான் நீண்டநேரம் பேசினார். பக்கத்தில் நின்று அதே வேலையைச் செய்தவரின் பட்டி ஒரு நிறம். அவருடையது வேறு நிறம். அந்த வேறுபாட்டை அவர் கடைசிவரை மறக்கவில்லை.

அதன் பின்னணியை விளங்கிக்கொள்வதற்குச் சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும். பிரித்தானியாவில் தாதியரை அரசு பதிவுசெய்யவேண்டும் என்ற இயக்கம் 1887 ஆம் ஆண்டில் எதெல் பெட்ஃபோர்ட் ஃபென்விக் அம்மையாரின் முன்முயற்சியில் உருவான சங்கத்துடன் வலுப்பெற்றது. ஒரு தாதியின் குணநலனைப் பரீட்சையினால் அளவிடமுடியாது என்று கருதிய புளோரன்ஸ் நைற்றிங்கேல் அதை எதிர்த்தார். முப்பது வருடங்களுக்கும் மேலான போராட்டத்திற்குப் பின்னரே, 1919 இல் தாதியர் பதிவுச் சட்டம் நிறைவேறியது. மூன்று வருடப் பயிற்சி பெற்றவர்கள் 'அரச பதிவுத் தாதி', அதாவது எஸ்.ஆர்.என். என்று அழைக்கப்பட்டனர். ஒரு பட்டியல், ஒரு தராதரம் என்பதே அந்தப் போராட்டத்தின் சாராம்சமாக இருந்தது.

அந்த ஒற்றுமை கால் நூற்றாண்டு கூட நிலைக்கவில்லை. உலகப்போர்க் காலத்துத் தாதியர் பற்றாக்குறையின் மத்தியில் 1943 இல் கொண்டுவரப்பட்ட சட்டம் இரண்டாவது பட்டியல் ஒன்றை உருவாக்கியது. இரண்டு வருடப் பயிற்சியுடன் அதில் சேர்க்கப்பட்டவர்கள் முதலில் உதவித் தாதியர் என்றும், 1961 ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின்னர் எஸ்.ஈ.என். என்றும் பெயர் பெற்றனர். மூன்று வருடம் படித்தவர்கள் தங்களது தகைமை மலினப்படுத்தப்படுவதாக நினைத்தனர். இரண்டு வருடம் படித்தவர்கள் தாங்கள் குறைந்த செலவில் பயன்படுத்தப்படுவதாக நினைத்தனர். இரு தரப்பினதும் மனக்குறையில் நியாயம் இருந்தது என்பதே இந்த வரலாற்றின் சிக்கலாகும்.

1948 ஜூலை 5 ஆம் திகதி தேசிய சுகாதார சேவை ஆரம்பமானபோது தாதியருக்கான தேவை பன்மடங்காகியது. மறுவருடத்தில் இருந்து மேற்கிந்தியத் தீவுகள் உட்படக் குடியேற்ற நாடுகளில் ஆட்சேர்ப்பு தொடங்கியது. பின்னைய காலத்தில் மலேசியா, மொரிஷியஸ், இலங்கை போன்ற நாடுகளில் இருந்தும் இளம் பெண்கள் சென்றனர். எஸ்.ஆர்.என். பயிற்சிக்குப் போதிய பாடசாலைத் தகைமை கொண்ட பலர் எஸ்.ஈ.என். பயிற்சிக்கே அனுப்பப்பட்டனர். இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டை அங்கு சென்ற பின்னரே அறிந்துகொண்டவர்கள் ஏராளம். முதற்தரப் பயிற்சியில் இருந்தவரை 'மாணவி' என்று அழைப்பதற்கு ஒரு சொல்லும், இரண்டாம் தரத்தில் இருந்தவருக்கு, சிறு பிள்ளைகளைக் குறிக்கப் பயன்படும் இன்னொரு சொல்லும் வழக்கில் இருந்தன.

இரண்டாம் பட்டியலில் இருந்தவர் பொதுவாக விடுதிப் பொறுப்பாளராக, அதாவது சிஸ்டராக, உயரமுடியாது. ஆனால், இரவில் ஆளில்லாத வேளைகளில் விடுதி முழுவதும் அவரது பொறுப்பிலேயே விடப்படுவதுண்டு. முதியோர் விடுதிகளுக்கும் மனநல வைத்தியசாலைகளுக்கும் கறுப்பின, ஆசியத் தாதியரே அதிகமாக அனுப்பப்பட்டனர். மேற்கிந்தியத் தீவுகளில் எஸ்.ஈ.என். தகைமை பரவலாக அங்கீகரிக்கப்படாமையினால், நாடு திரும்பித் தாதியாகப் பணியாற்றும் வாய்ப்பும் பலருக்கு அடைபட்டது. யாரும் எந்த இனத்தையும் குறிப்பிட்டு விதி எழுதவில்லை. விதி எழுதாமலேயே பட்டியல் அந்த வேலையைச் செய்தது. இத்தகைய மறைமுகப் பாகுபாட்டையும் சட்டவிரோதமாக்கிய இன உறவுகள் சட்டம் 1976 இல் தான் வந்தது.

மனக்குறை வெறுமனே பணத்தினால் தீர்வதில்லை என்பதற்கு 1988 ஆம் ஆண்டு சிறந்த உதாரணமாகும். அந்த வருடத் தொடக்கத்தில் மான்செஸ்டரில் இரவுக் கடமைத் தாதியர் சிலர் விசேட கொடுப்பனவு தொடர்பில் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். போராட்டம் நாடெங்கும் பரவியதையடுத்து, ஏப்ரலில் தட்சர் அரசாங்கம் சராசரியாக 15.3 சதவீத சம்பள உயர்வை அறிவித்தது. பத்திரிகைகளின் தலைப்புகளைப் பார்த்தவர்கள் பிரச்சினை முடிந்தது என்றே நினைத்திருப்பார்கள்.

உண்மையில் புதிய பிரச்சினை அங்குதான் ஆரம்பமானது. அந்த உயர்வு எல்லோருக்கும் சமமாகப் பகிரப்படவில்லை. ஆங்கில அரிச்சுவடியின் முதல் ஒன்பது எழுத்துகளில், ஏ முதல் ஐ வரை, ஒவ்வொரு தாதிக்கும் ஒரு தரம் வழங்கப்பட்டது. ஒரே விடுதியை மாறி மாறி நடத்திவந்த இரு சிஸ்டர்களில், விடுதிக்குத் 'தொடர்ச்சியான பொறுப்பு' உடையவர் ஒருவர் மாத்திரமே என்று கூறி, அவருக்கு ஜி தரமும் மற்றவருக்கு எஃப் தரமும் கொடுக்கப்பட்டது. நேற்றுவரை தோழிகளாக இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் நிறுத்துப் பார்க்கத் தொடங்கினர். முன்னரைவிடக் கூடுதலான சம்பளம் கிடைத்தபோதிலும், தாங்கள் அவமதிக்கப்பட்டதாகப் பலர் உணர்ந்தனர். தரத்திற்குரிய வேலையை மாத்திரமே செய்வோம் என்று அந்த இலையுதிர்காலத்தில் பல வைத்தியசாலைகளில் போராட்டங்கள் நடந்தன. ஒரு இலட்சத்திற்கும் அதிகமான மேன்முறையீடுகள் செய்யப்பட்டு, அவை வருடக்கணக்கில் இழுபட்டன.

அடுத்த வீட்டுக்காரனின் கஞ்சியில் எத்தனை பருக்கை என்று எண்ணுவது மனித இயல்பின் சிறுமை என்று இதனைப் புறந்தள்ளிவிடலாம். நான் அவ்வாறு கருதவில்லை. சம்பளம் என்பது உழைப்பின் விலை மாத்திரமல்ல, அந்த உழைப்பு யாருடைய கண்ணிலாவது பட்டதா என்பதற்கான பதிலுமாகும். ஒன்றாக இரவு விழித்தவர்களை, அவர்கள் செய்யும் வேலையை அறியாத ஒருவர் மேசையில் இருந்து தரம் பிரிக்கும்போது, காயப்படுவது பணப்பையல்ல.

பிரித்தானியா இந்தப் பாடத்தைத் தாமதமாகவேனும் கற்றுக்கொண்டது என்று கூறவேண்டும். 2004 இல் நடைமுறைக்கு வந்த புதிய சம்பள முறைமையில், 16 காரணிகளின் அடிப்படையில் வேலை மதிப்பிடப்பட்டது. உடலுழைப்பும் மனச்சுமையும் உணர்வுச்சுமையும் அந்தக் காரணிகளில் அடங்கும். மதிப்பீட்டுக் குழுக்களில் முகாமையாளர்களுடன் தொழிற்சங்கப் பிரதிநிதிகளும் அமர்ந்தனர். அதன் பின்னரும் குறைகள் தீர்ந்துவிடவில்லை. தேசிய சுகாதார சேவையின் உயர்பதவிகளில் வெள்ளையர் அல்லாதோர் குறைவாக இருப்பதால், இன சமத்துவத்தை ஆண்டுதோறும் அளவிடும் நியமம் ஒன்றை 2015 இல் இங்கிலாந்தில் கொண்டுவர நேர்ந்தது.

எஸ்.ஈ.என். பயிற்சி 1990களின் தொடக்கத்துடன் முடிவுக்கு வந்தது. ஏற்கெனவே அப்பட்டியலில் இருந்தவர்கள் முதற்தரத்திற்கு மாறுவதற்கான பயிற்சிநெறிகள் ஏற்படுத்தப்பட்டன. மாமிக்கும் அந்த வாய்ப்பு வந்தது. இருபது வருடங்களுக்கும் மேலாகச் செய்துவந்த வேலையைச் செய்வதற்குத் தகுதி உண்டா என்று நிரூபிக்க, தனது பிள்ளைகளின் வயதையொத்தவர்களுடன் வகுப்பில் அமர்ந்தார், சித்தியும் பெற்றார். புதிய அரைப்பட்டியை அணிந்த முதல்நாள் மகிழ்ச்சியாக இருந்ததா என்று கேட்டேன். அன்று தான் செய்த வேலை முதல்நாள் செய்த அதே வேலைதான் என்று மாத்திரம் கூறிவிட்டு, தேநீர் ஊற்றுவதற்காக எழுந்துபோனார்.