ஏழுமலையும் கயல்விழியும்

எங்கள் கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் ஏழுமலை இல்லாத தெரு அபூர்வம். சின்னசேலம், சங்கராபுரம், ரிஷிவந்தியம், எந்தப் பக்கம் போனாலும் நெல் மண்டியிலோ டீக்கடையிலோ ஒரு ஏழுமலை இருப்பார். திருப்பதி மலையானுக்கு வேண்டிக்கொண்டு வைத்த பெயர். அதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் ஈ, எல், யூ என்று தொடங்குவார். அவருடைய பேத்தி கயல்விழியையோ தேன்மொழியையோ எழுதச் சொல்லுங்கள். அவள் ழகரத்துக்குக் கொஞ்சமும் தயங்காமல் இசட்டும் எச்சும் போடுவாள். ஒரே வீடு, ஒரே எழுத்து, ஆனால் தாத்தாவுக்கு ஒன்று, பேத்திக்கு வேறொன்று.

கச்சிராயபாளையம் தாண்டி மலையேறினால் வரும் கல்வராயன் மலைப் பள்ளிகளிலும், பிறகு கீழ்நாட்டிலும் ஆசிரியராக இருந்தவன் நான். சேர்க்கைப் பதிவேடு, மாற்றுச் சான்றிதழ், பத்தாம் வகுப்பு நாமினல் ரோல் எல்லாம் என் கை வழியாகப் போனவை. நாமினல் ரோலில் ஏறிய எழுத்துதான் மதிப்பெண் சான்றிதழுக்குப் போகும், அங்கிருந்து வாழ்நாள் முழுக்க ஒட்டிக்கொள்ளும். அந்தப் படிவங்களில்தான் இந்தத் தலைமுறை வேறுபாட்டைக் கவனித்தேன். அப்பா பெயர்க் கட்டத்தில் எல், பிள்ளை பெயர்க் கட்டத்தில் இசட்-எச். இது ஏதோ கவனக்குறைவு என்று அலுவலகங்களில் நினைக்கிறார்கள். கவனக்குறைவு இல்லை. இதற்குப் பின்னால் ஐந்நூறு ஆண்டுக் கதை இருக்கிறது.

ழகரத்தை ரோமன் எழுத்தில் எழுத வேண்டிய தேவை போர்ச்சுக்கீசியர்களோடு வந்தது. 1554-ல் லிஸ்பனில் அச்சான சிறு வேத போதகப் புத்தகத்தில் தமிழ் வாசகமே ரோமன் எழுத்தில்தான் இருக்கிறது. அதன் தலைப்பில் நம் மொழியின் பெயர் 'தமுல்'. 1716-ல் ஜெர்மனியின் ஹாலே நகரில் சீகன்பால்கு வெளியிட்ட இலக்கணத்தின் தலைப்பிலும் 'தமுல்' என்றே வருகிறது, முதல் எழுத்து மட்டும் T-க்குப் பதில் D ஆகிவிட்டது. ஆக, எல் பழைய குடி.

ஆனால் ஊர்ப் பெயர்களில் அந்த ஒழுங்குகூட இல்லை. சோழமண்டலக் கரை கோரமண்டல் ஆனபோது ழகரம் ரகரமாயிற்று. பழவேற்காடு புலிக்காட் ஆனபோது லகரமாயிற்று. எழும்பூர் எக்மோர் ஆனதில் ஒரு ககரம் வந்து உட்கார்ந்துகொண்டது. மலபாரில் பழசி ராஜாவை கம்பெனிக்காரர்கள் பைச்சி ராஜா என்று எழுதினார்கள், அதில் ழகரம் இருந்த தடமே தெரியாது. நியூசிலாந்தில் கோரமண்டல் என்று ஒரு தீபகற்பம் உண்டு. 1820-ல் அங்கே போன ஆங்கிலேயக் கப்பலின் பெயரால் வந்தது அது. சோழர் பெயர் அவ்வளவு தூரம் போயிருக்கிறது, ழகரம் இல்லாமல்.

எங்கள் ஊர்களும் தப்பவில்லை. ராபர்ட் ஓர்ம் எழுதிய போர் வரலாற்றில் தியாகதுருகம் 'தியாகர்' என்று வரும். பழைய ஆங்கிலப் பதிவுகளில் கள்ளக்குறிச்சியின் நடுவே வரும் 'றி'யில் இகரம் கரைந்து 'கல்லகுர்ச்சி' என்று நிற்கும். 1993 முதல் 2019 வரை எங்கள் மாவட்டத் தலைநகராக இருந்த விழுப்புரத்தை இன்றும் ரயில் நிலையப் பலகையில் ஆங்கிலத்தில் வில்லுப்புரம் என்றுதான் படிக்க வேண்டியிருக்கிறது.

அறிஞர்கள் சும்மா இருக்கவில்லை. கால்டுவெல் 1856-ல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் ஆர் எழுத்துக்குக் கீழே இரண்டு புள்ளி வைத்தார். 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன், எல்லுக்குக் கீழே ஒரு கோடு போட்டது. நூல் படிக்கிறவருக்கு இவை அருமையான ஏற்பாடுகள். ஆனால் தாலுகா அலுவலகத் தட்டச்சுப் பொறியில் கீழ்ப்புள்ளியும் கிடையாது, கீழ்க்கோடும் கிடையாது. கோட்டை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் எல். ஏழுமலைக்கும் பழனிக்கும் எல் வந்து சேர்ந்ததும் நிலைத்ததும் இப்படித்தான் என்பது என் கணிப்பு. இசட்-எச்சுக்கு இந்தக் குறை இல்லை. இரண்டும் எல்லாப் பொறியிலும் இருக்கும் சாதாரண எழுத்துகள்.

அந்த இரண்டு எழுத்துகளும் சேர்ந்து நிற்பது ஆங்கிலத்துக்கே சொந்தமில்லை. 'மெஷர்', 'விஷன்' என்று நாம் சொல்லும் சொற்களில் நடுவே வரும் ஒலியைக் காட்ட அகராதிக்காரர்கள் வைத்துக்கொண்ட அடையாளம் அது. ஜுக்கோவ், பிரெஷ்னேவ் போன்ற ருஷ்யப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதவும் அதையே எடுத்தார்கள். சீனா 1958-ல் பின்யின் முறையை ஏற்றபோது சூ என்லாயின் பெயரும் அந்த இரண்டு எழுத்தில் தொடங்கலாயிற்று. மூன்று இடத்தில் மூன்று ஒலி, ஒன்றுகூட ழகரம் இல்லை. அதனால்தான் டெல்லி செய்தியாளர்கள் கனிமொழியை 'கனிமோஜி' என்கிறார்கள், இந்திப் பத்திரிகைகளும் அப்படியே எழுதுகின்றன.

இருந்தாலும் நான் இசட்-எச் பக்கம்தான். வகுப்பில் வலி, வளி, வழி மூன்றையும் ஆங்கில எழுத்தில் எழுதிக் காட்டுவேன். எல் போட்டால் மூன்றும் ஒன்றாகிவிடும், திரும்பத் தமிழுக்கு வர வழியே கிடையாது. இசட்-எச் போட்டால் மூன்றாவதாவது தனியே நிற்கும். அது ஒலியைச் சொல்லிக்கொடுக்காது, இங்கே ழகரம் இருக்கிறது என்று மட்டும் சொல்லும். அதுவே எனக்குப் போதும்.

இந்த வழக்கம் வீடுகளுக்குள் வந்ததில் தனித்தமிழ் இயக்கத்துக்குப் பெரும் பங்குண்டு. 1916-ல் வேதாசலம் மறைமலையடிகள் ஆனார். அதன் பிறகு, குறிப்பாகத் திராவிட இயக்கம் ஊருக்கு ஊர் பரவிய காலத்தில், மொழி, விழி, யாழ், எழில், தமிழ் என்று பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கத் தொடங்கினார்கள். இந்தச் சொற்களிலெல்லாம் ழகரம் இருக்கிறது. அந்த எழுத்துக்காகவே விரும்பி வைத்த பெயரை எல் போட்டுத் தொலைக்க எந்தப் பெற்றோருக்கு மனம் வரும்? கேரளத்திலும் 1990-ல் ஆலப்புழை ஆங்கிலத்தில் அதிகாரபூர்வமாக இசட்-எச்சுக்கு மாறியது. தமிழ்நாடு 2020 ஜூனில் 1,018 ஊர்களுக்குத் தமிழ் உச்சரிப்புப்படி புதிய ஆங்கில எழுத்துக்கூட்டலை வெளியிட்டது. எக்மோர், எழும்பூராக வேண்டியது. ஆனால் வேறு பல ஊர்ப் பெயர்களுக்குப் போட்ட எழுத்துகள் எதிர்ப்பைக் கிளப்ப, அதே மாதத்தில் ஆணை திரும்பப் பெறப்பட்டது. எழும்பூருக்கு அன்றைக்குக் கிடைக்க வேண்டிய நியாயம் மற்ற ஊர்களின் சண்டையில் போய்விட்டது என்பதில் எனக்கு இன்றும் வருத்தம்.

மலையில் இந்த எழுத்து விவகாரம் வெறும் ரசனை இல்லை. கல்வராயன் மலையில் வாழும் மக்களுக்குப் பழங்குடிச் சான்று உயிர். அரசமைப்புச் சட்டத்தின் பட்டியலில் அவர்கள் 'மலையாளி' என்ற பெயரில், பழைய தென்னார்க்காடு, சேலம் முதலான மாவட்டங்களின் பெயரோடு இருக்கிறார்கள். பட்டியலில் உள்ளதை உள்ளபடியே படிக்க வேண்டும், எதையும் சேர்த்துப் படிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2000-ல் மிலிந்த் வழக்கில் தீர்ப்பளித்தது. சத்தீஸ்கரில் ஒரே பழங்குடிப் பெயரின் வேறுபட்ட எழுத்து வடிவங்களைப் பட்டியலில் சேர்க்க 2023-ல் நாடாளுமன்றமே சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. ஓர் எழுத்து கூடினாலும் குறைந்தாலும் யாருக்கு என்ன போகும் என்று இதிலிருந்து தெரியும்.

என் மாணவி ஒருத்தியின் அப்பாவும் ஏழுமலைதான். பள்ளிப் பதிவேட்டில் அவர் எல், ஆதாரில் இசட்-எச். உதவித்தொகை விண்ணப்பத்தை ஓர் அலுவலகத்தில் "ரெண்டு பேரும் வேற வேற ஆளு" என்று திருப்பிவிட்டார்கள். மரவள்ளிக்கிழங்கு பிடுங்கும் நாளில் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார் அவர். "ஐயா, நான் ஒரே ஆளுதானுங்களே, எந்த எழுத்தப் போட்டா என்ன?" என்று கேட்டார். இரண்டு எழுத்தும் அவருடையதுதான். ஒன்று அவர் பள்ளியில் சேர்ந்த காலத்தின் வழக்கம், மற்றொன்று ஆதார் எடுத்த காலத்தின் வழக்கம். இரண்டும் ஒரே ழகரத்துக்குத்தான் என்று மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குத் தெரிந்திருந்தால் அன்றைக்கே கையெழுத்துப் போட்டிருப்பார்.

இப்படி மாட்டிக்கொண்டவர்களின் பெயர்களைத் தமிழ்நாடு அரசிதழின் ஆறாம் பகுதி நான்காம் பிரிவில் பார்க்கலாம். இன்னார் இனி இன்னார் என அழைக்கப்படுவார் என்று வரிசையாக அறிவிப்புகள் வரும். பழைய பெயரையும் புதிய பெயரையும் வாய்விட்டுப் படித்தால் பல இடங்களில் ஒரே பெயர்தான் கேட்கும். பத்தாம் வகுப்பில் பிள்ளை வைத்திருக்கிறவர்கள் நாமினல் ரோல் போகும் முன்பே ஒருநாள் பள்ளிக்குப் போய், உங்கள் பெயரையும் பிள்ளை பெயரையும் ஆதாரோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள். எல்லோ இசட்-எச்சோ, இரண்டு தாளிலும் ஒன்றாக இருக்கட்டும்.