பக்கவாதமும் நடை மீட்சியும் : ஒரு வரலாற்று நோக்கு

நோய்க்கு மக்கள் இட்ட பெயர், அந்நோயைப் பற்றி அவர்கள் கொண்டிருந்த கருத்தைக் காட்டும். 'பக்கவாதம்' என்னும் சொல், உடலின் ஒரு பக்கத்தை வாதம் பற்றியது எனப் பொருள்படும். கிரேக்கர் 'அப்போப்ளெக்சியா' என்றனர். அடித்து வீழ்த்தப்படுதல் என்பது அதன் பொருள். இவ்விரு பெயர்களும் மூளையைச் சுட்டவில்லை என்பது கருதத்தக்கது.

சுவிட்சர்லாந்து நாட்டு மருத்துவர் யோகான் யாக்கோப் வெப்ஃபர், இந்நோயால் இறந்தாரின் உடல்களை அறுத்து ஆராய்ந்து, மூளையினுள் குருதி கசிந்திருத்தலைக் கண்டு 1658-இல் நூல் வெளியிட்டார். நோயின் இடம் இதனால் தெளிவாயிற்று. ஆயின், பிழைத்தவர் மீண்டும் நடப்பரோ என்னும் வினாவுக்கு இறந்தார் உடலில் விடை காண்டல் அரிது.

பிழைத்தாரைத் தொடர்ந்து நோக்கியவருள் குறிப்பிடத்தக்கவர் தாமஸ் ட்விட்செல். செயலிழந்த உறுப்பில் முதலில் அனிச்சைச் செயலும், பின்னர் விறைப்பும், அதன்பின் மூட்டுகள் அனைத்தும் ஒருங்கே மடங்கி நீளும் இயக்கமும், இறுதியில் தனித்தனி இயக்கமும் மீளும் முறையை அவர் 1951-இல் விளக்கினார். சிக்னே புருன்ஸ்ட்ராம் இம்மீட்சியை ஆறு நிலைகளாக வகுத்துப் பயிற்சிக்கு அடிப்படையாக்கினார். அவர்தம் நூல் 1970-இல் வெளிவந்தது.

எத்துணைப் பேர் நடந்தனர் என்பதற்குக் கோபன்ஹேகன் நகரில் 804 நோயாளரை ஆராய்ந்து 1995-இல் வெளியிட்ட கணக்கு சான்றாகும். தொடக்கத்தில் நூற்றுக்கு 51 பேர் நடக்க இயலாதிருந்தனர். பயிற்சி முடிவில், உயிர் பிழைத்தாருள் 64 விழுக்காட்டினர் பிறர் துணையின்றி நடந்தனர். பெரும்பாலோர் தம் மீட்சியை முதல் 11 வாரங்களுக்குள் எய்தினர். நோயின் கடுமையும் காலின் வலிமையிழப்பும் நடையை வரையறுத்தன என்பதும் புலனாயிற்று.

நடை காலை மட்டும் பொறுத்ததன்று என்பதை 2011-இல் வெளிவந்த நெதர்லாந்து ஆய்வு காட்டுகிறது. நோயுற்ற 72 மணி நேரத்துள் சாய்மானமின்றி உட்காரவும், நலிந்த காலைச் சிறிதேனும் அசைக்கவும் வல்லவர், ஆறு திங்களில் தாமே நடக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 98. இரண்டும் இயலாதார்க்கு அது 27. ஒன்பதாம் நாளிலும் அந்நிலை நீடிப்பின் 10. பத்து என்பது சுழியன்று. ஆதலின், 'இவர் நடவார்' எனத் தொடக்கத்திலேயே முடிவு கட்டிப் பயிற்சியைக் கைவிடுதல் இக்கணக்கிற்கே மாறாகும்.

அதற்காக விரைந்து வருத்துதலும் தகாது. ஐந்து நாடுகளில் 2104 பேரிடம் நிகழ்ந்து 2015-இல் வெளியான ஆய்வில், 24 மணி நேரத்துள் அடிக்கடி எழுப்பி இயக்கப்பட்டோர், வழக்கமான முறையில் பேணப்பட்டோரினும் மூன்று திங்களில் சற்றே குறைந்த நலமே பெற்றனர்.

எது நடை என்பதும் ஆராயத்தக்கதே. ஜாக்குலின் பெரியும் அவர்தம் குழுவினரும் 1995-இல் வகுத்தவாறு, நொடிக்கு 0.4 மீட்டரினும் குறைந்த நடை பெரும்பாலும் இல்லத்தளவில் நிற்கும், 0.8 மீட்டரைக் கடந்த நடையே வெளியே தடையின்றிச் சென்றுவர உதவும். பிழைப்பாரா என எழுந்த பழைய வினா, எவ்வளவு தொலைவு சென்று மீள்வார் என இன்று வளர்ந்துள்ளது. இவ்வளர்ச்சியே இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.