பன்றிக் கொழுப்பு இளகாமல் இருக்கத் தீவன முறை

ஆம்பூர், வேலூர் பகுதியில் பிரியாணிக் கடை, ஓட்டல் கழிவை நம்பிப் பன்றி வளர்க்கிறீர்களா? ஆடு, மாட்டின் இரைப்பையில் தீவன எண்ணெயின் தன்மை மாறிவிடும். பன்றிக்கு ஒற்றை இரைப்பை. தின்ற எண்ணெய் பெரும்பாலும் அதே தன்மையோடு கொழுப்பில் படியும். சூரியகாந்தி எண்ணெய் கலந்த கழிவு, நிலக்கடலை, எண்ணெய் எடுக்காத தவிடு அதிகமானால் கொழுப்பு இளகும்; இறைச்சிக்கு விலை குறையும். மாவுச்சத்தையோ பன்றியின் உடலே கெட்டிக் கொழுப்பாக மாற்றும்.

எனவே விற்பனைக்கு 6 முதல் 8 வாரம் முன்பே கழிவைக் குறைத்து, குருணை, உலர்ந்த மரவள்ளிச் சில்லு, எண்ணெய் எடுத்த தவிடு, சோயாப் பிண்ணாக்கு, தாது உப்பு கலந்து கொடுங்கள். கழிவை 1 மணி நேரம் கொதிக்கவைத்து, ஆறியதும் மிதக்கும் எண்ணெயை வழித்தெடுங்கள். வேகாத கழிவால் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வரலாம். அதற்கு மருந்து கிடையாது. தோல் தொழிற்சாலைக் கழிவில் குரோமியம் இருக்கலாம். அதைத் தீவனத்தில் சேர்க்கவே கூடாது.