பற்றரியைத் தின்றது யார்?

போன மாதம் சாம்பல்தீவில் ஒரு ஐயா வீட்டு விறாந்தையில் இருந்தோம். இறுதியாண்டு ஆய்வுக்காக இடம்பெயர்வுக் கதைகள் சேர்க்கிறோம். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே லப்டொப்தான். அதில் மைக்கைச் செருகிப் பதிவு செய்வோம். ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்ட கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். சைக்கிளில் என்னென்ன கட்டினவர் என்ற இடத்துக்கு வரும்போது திரை கறுத்துப் போச்சு. போன கிழமை வரைக்கும் நாலு மணித்தியாலம் நின்ற பற்றரி, அன்றைக்கு ஐம்பது நிமிசத்தில் படுத்துட்டுது.

அடுத்த நாள் போய்த் திரும்பக் கேட்டோம். "அதைத்தான் நேற்றே சொல்லிட்டனே பிள்ளையள்" என்று இரண்டு வரியில் முடித்துவிட்டார். முதல் நாள் சொன்ன மாதிரி அது வரவே இல்லை.

ஆனால் லப்டொப்பைப் பார்த்து ஒன்று கேட்டார்: "பற்றரியைக் கழட்டி வெயில்ல வைச்சுப் பாத்தனீங்களோ?"

நாங்கள் சிரித்தோம். பிறகுதான் அது பகிடி இல்லை, ஒரு காலத்தின் தொழில்நுட்பம் என்று விளங்கியது.

1990 ஜூனில் போர் மறுபடி தொடங்கிய பிறகு வடக்குக்கு மின்சாரம் நின்றது. கொண்டுபோகக் கூடாத பொருட்களுக்கு ஒரு பட்டியல் வந்தது. பெற்றோல், சவர்க்காரம் எல்லாம் இருந்த அந்தப் பட்டியலில் றேடியோவுக்குப் போடுகிற உலர் பற்றரியும் இருந்தது. குண்டு செய்யப் பயன்படும் என்பது அரசாங்கம் சொன்ன காரணம். ஆனால் இருட்டிப்போனது வீடுகள்தான். 2002 ஜனவரியில் சமாதான முயற்சியோடு தடை தளரும்வரை, பென்ரோர்ச் பற்றரி ஒன்றுகூட அங்கே சாதாரண சாமான் இல்லை.

செத்த பற்றரியை வெயிலில் காயவைத்தார்கள். சுடுதண்ணியில் அவித்தார்கள். ஆணியால் துளை போட்டு உப்புத்தண்ணி விட்டார்கள். கேட்க மந்திரம் மாதிரி இருக்கும், ஆனால் உள்ளே காரணம் இருக்கு. அந்தப் பழைய பற்றரியில் நாகக் கோப்பை, நடுவில் கரிக்கோல், இடையில் ஈரமான பசை. பசை காய்ந்துவிட்டால், நாகம் மிச்சம் இருந்தாலும் மின்சாரம் வராது. உப்புத்தண்ணி அந்த ஈரத்தைக் கொஞ்ச நேரத்துக்குத் திருப்பிக் கொடுக்கும். சூடு உள்ளே நடக்கிற வேதிவினையைத் தூண்டிவிடும். 1800இல் இத்தாலிக்காரர் அலெசாந்திரோ வோல்ட்டா உலகின் முதல் மின்கல அடுக்கைச் செய்ததும் இதே முறையில்தான்: இரண்டு வகை உலோகத் தட்டு, இடையில் உப்புநீரில் நனைத்த துணி.

பற்றரியே கிடைக்காதபோது சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டார்கள். சைக்கிள் டைனமோ 6 வோல்ட். ஒன்றரை வோல்ட் பற்றரி நாலு சேர்ந்தாலும் அதே 6 வோல்ட்தான். சுற்றுகிற கை களைத்தால் பிபிசி தமிழோசையின் குரலும் அமுங்கிப்போகும். ஆகவே ஒரு செய்தி எத்தனை நிமிசம், அதற்கு எவ்வளவு வலு வேண்டும் என்று எல்லாருக்கும் கைக்கணக்கில் தெரிந்திருந்தது.

எங்களுக்கு அந்தக் கணக்குத் தெரியாது. மூலையில் தெரிகிற சதவீதத்தை மட்டும்தான் பார்ப்போம்.

சரி, லப்டொப்புக்கு வருவோம். ஐயா சொன்ன வைத்தியம் இதற்குச் சரிவராது. இது லித்தியம் அயன் பற்றரி. வெயிலில் வைத்தால் கெடும், துளை போட்டால் தீப்பிடிக்கும். 1970களில் ஸ்டான்லி விட்டிங்ஹாம் தொடங்கி, 1980இல் ஜோன் குட்இனஃப் முன்னெடுத்து, 1985இல் அகிரா யோஷினோ பாவிக்கக்கூடிய வடிவத்துக்குக் கொண்டுவந்த வேலை இது. மூவருக்கும் 2019இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. சோனி நிறுவனம் இதை முதன்முதலாகச் சந்தைக்குக் கொண்டுவந்த வருடம் 1991. அதாவது, ஜப்பானில் இது கடைக்கு வந்த அதே வருடம், யாழ்ப்பாணத்துக்குச் சாதாரண றேடியோ பற்றரி கொண்டுபோவதே தடைசெய்யப்பட்ட விசயம்.

இந்த வகைப் பற்றரி ஒரே நாளில் கிழடாகாது. ஒவ்வொரு சார்ஜுக்கும், சூட்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். எப்பவும் நூறில் நிறுத்தி வைத்தாலும், அடிக்கடி சுழியம் வரைக்கும் இறக்கினாலும் அந்தத் தேய்வு கூடும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தது நினைவிருக்கும். அந்த நாட்களில் நாங்கள் எல்லாரும் பற்றரிகளை அடியோடு வழித்துத்தான் பாவித்தோம். ஆனாலும் நாலு மணித்தியாலம் ஒரே கிழமையில் ஐம்பது நிமிசமாகிறது தேய்வு இல்லை. வேறு ஏதோ நடந்திருக்கு.

இங்கே எங்களுக்கு உதவினது திருகோணமலைத் துறைமுகத்தின் ஒரு பழைய கதை. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய நீர்மூழ்கிகள் இங்கேயிருந்துதான் மலாக்கா நீரிணைப் பக்கம் போய் வந்தன. 1944 ஜனவரி 11இல் பினாங்குக்குக் கிட்ட ஜப்பானியரின் குமா என்ற போர்க்கப்பலை மூழ்கடித்த டாலி-ஹோ அவற்றில் ஒன்று. அந்தக் கால நீர்மூழ்கி தண்ணிக்குள் போனால் டீசல் இயந்திரத்தை ஓட்ட ஏலாது. ஈய அமிலப் பற்றரிகள்தான் உயிர். இரவில் மேலே வந்து டீசலை ஓட்டிச் சார்ஜ் ஏற்றவேணும். தண்ணிக்குள் முழு வேகத்தில் ஓடினால் ஏறக்குறைய ஒரு மணித்தியாலத்தில் பற்றரி தீரும். ஊர்ந்து போனால் ஒரு நாளும் தாண்டும். பற்றரி அதேதான், அதிலிருந்து எவ்வளவு இழுக்கிறோம் என்பதுதான் வித்தியாசம்.

அப்போ கேள்வி இரண்டு. குடம் சின்னதாகிவிட்டதா? இல்லை, குடத்தில் ஓட்டையா?

முதல் கேள்விக்கு விண்டோஸிலேயே விடை இருக்கு. பற்றரி ரிப்போர்ட் என்று ஓர் அறிக்கையை அதுவே எழுதித் தரும். அதில் இரண்டு எண்களைப் பார்த்தால் போதும்: செய்யும்போது இருந்த கொள்ளளவு, இப்போது நிரம்பினால் பிடிக்கிற கொள்ளளவு. எங்களுடையதில் முதலாவது 42,000 மில்லிவாட் மணி, இரண்டாவது 35,700. நூற்றுக்கு 85. மூன்று வருடப் பாவனைக்கு அது மோசமில்லை. குடம் நல்லாத்தான் இருந்தது.

இரண்டாவது கேள்விக்கு டாஸ்க் மனேஜரைத் திறந்தோம். நாங்கள் ஒன்றுமே செய்யாத நேரத்திலும் புரொசசர் பாதிக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது, விசிறி இரைந்தது. பிடிபட்ட ஆள் யார் தெரியுமா? கோப்புகளை இணையத்துக்கு ஏற்றுகிற செயலி. பதிவுகள் தொலையக்கூடாதென்று, போன கிழமைதான் எல்லா ஒலிக்கோப்புகளையும் அதன் கோப்புறைக்குள் போட்டிருந்தோம். கைபேசி ஹொட்ஸ்பொட்டில் சிக்னல் விட்டுவிட்டு வர, அது ஒவ்வொரு கோப்பையும் முதலிலிருந்து ஏற்றப் பார்க்கும், தோற்கும், திரும்பத் தொடங்கும். வைஃபையும் ஓயாமல் வேலை செய்தது. ஐயாவின் கதையைக் காப்பாற்றவென்று நாங்கள் செய்த வேலைதான் ஐயாவின் கதையை வெட்டியது.

அந்தச் செயலியை நிறுத்தி வைத்தோம். திரை வெளிச்சத்தைக் குறைத்தோம். அடுத்த நாள் மூன்றரை மணித்தியாலம் நின்றது. ஏற்றுகிற வேலையெல்லாம் இப்போது இரவில், சார்ஜரில் செருகிய பிறகுதான்.

உங்கள் லப்டொப்புக்கும் இதே ஒழுங்கில் பாருங்கள். முதலில் அறிக்கை, பிறகு யார் இழுக்கிறது என்று. கொள்ளளவு பாதிக்குக் கீழே போயிருந்தால், அல்லது முப்பது வீதம் காட்டும்போதே திடீரென்று அணைந்தால், பற்றரியை மாற்றத்தான் வேணும். வீங்கியிருந்தால் சார்ஜ் போடாமல், குத்தாமல், அமத்தாமல் திருத்துகிற இடத்துக்குக் கொண்டுபோங்கள். அது விளையாட்டு இல்லை. 2006இல் சோனி செய்த பற்றரிகள் சில தீப்பிடித்ததால், டெல் நிறுவனம் 41 இலட்சம் லப்டொப் பற்றரிகளைத் திருப்பி எடுத்தது.

போன ஞாயிறு திரும்பச் சாம்பல்தீவுக்குப் போனோம். வெட்டுப்பட்ட இடத்தைப் பற்றி நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை. என்ன பிழை என்று கண்டுபிடித்ததை மட்டும் சொன்னோம். ஐயா கவனமாகக் கேட்டார். "அப்ப பற்றரியில பிழையில்லை, அதுக்குத் தெரியாம ஒருத்தன் டைனமோவைச் சுத்தினமாதிரி" என்றார். உவமை தலைகீழ்தான், நாங்கள் திருத்தவில்லை. ஏனென்றால் அதற்குப் பிறகு அவரே தொடங்கினார்: "அந்த டைனமோவைத்தான் நான் அண்டைக்கு முதல்ல கழட்டி சேட்டுப் பொக்கற்றுக்குள்ள வைச்சனான். சாமான் கட்ட முதல்."

பதிவு ஓடிக்கொண்டிருந்தது. பற்றரி 71 வீதம்.